போணி கிளாஸ்

"சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடுங்க. டீ, காபி, பாலோட சேர்த்துப் போடக் கூடாது. ரெண்டு மணி நேரம் இடைவெளி விடணும். வெளிக்கிப் போறது கறுப்பாத்தான் போகும், பயந்துராதீங்க."

இரும்புச்சத்து மாத்திரை வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் வினிதா இதைச் சொல்லிவிடுவாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பாள். திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள மருந்துக்கடையில் அவளுக்கு இரண்டு வருடமாக வேலை. வயது இருபத்திரண்டு. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் கேட்கும் கல்லூரிப் பெண்கள், ஜிம்மில் சேர்ந்த மூன்றாம் நாளே புரோட்டீன் டப்பாவைத் தூக்கிப் பார்க்கும் பையன்கள், வெயில் முகத்தில் முழிக்காமல் வைட்டமின் டி-யைத் தொலைத்துவிட்டு வரும் கம்ப்யூட்டர்காரர்கள் என்று கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவள் வயதுதான். எல்லாருக்கும் அவளிடம் ஒரு அறிவுரை இருந்தது. "தம்பி, முதல்ல தினம் ரெண்டு முட்டையைச் சாப்பிடுங்க. டப்பா எங்கயும் ஓடிறாது" என்பாள். முதலாளிக்கு இது பிடிக்காது, ஆனால் ஜனங்களுக்குப் பிடித்திருந்தது.

அப்பேர்ப்பட்டவளின் ரத்தத்தில்தான் ஹீமோகுளோபின் பத்துப் புள்ளி ஒன்பது.

அது தெரிய வந்ததற்கு நர்கீஸ்தான் காரணம். பேகம்பூர் நர்கீஸும் வினிதாவும் பிளஸ் டூவில் ஒரே வகுப்பு. ஒருநாள் பள்ளியில் எல்லாருக்கும் ரத்த வகை பார்த்தார்கள். நாற்பத்தாறு பேரில் ஓ நெகட்டிவ் இரண்டே பேர். அதுவரைக்கும் பேனா கூடக் கடன் கேட்டுக்கொள்ளாத இருவரும் அன்று மதியமே ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். "எனக்கு ஒண்ணுன்னா நீ, ஒனக்கு ஒண்ணுன்னா நான்" என்று அந்த வயதுக்கே உரிய கெத்தோடு சத்தியமும் செய்துகொண்டார்கள்.

இப்போது நர்கீஸ் முழுகாமல் இருந்தாள். மே மாதக் கடைசியில் பிரசவம் என்று நாள் குறித்த டாக்டர், அவள் கணவன் ரிஃபாத்தைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த வகை ரத்தம் லேசில் கிடைக்காது, கொடுக்க இரண்டு பேரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வடமதுரையில் ஒரு வாத்தியார் கிடைத்தார். இன்னொரு ஆள் யார் என்று யாரும் கேட்கவே இல்லை. அது வினிதாதான்.

சரி, எதற்கும் முன்கூட்டியே பார்த்துவிடுவோம் என்று ஒரு புதன்கிழமை மதியம் அவள் ரத்த வங்கிக்குப் போனாள். கூடவே, கடையில் வேலை பார்க்கும் மேட்டுப்பட்டி ஜெஸ்ஸியும் போனாள். அன்று சாம்பல் புதன். ஜெஸ்ஸியின் நெற்றியில் சாம்பல் சிலுவை இருந்தது. அங்கிருந்த டாக்டரம்மா இருவர் விரலிலும் குத்திப் பார்த்தார். வினிதாவுக்குப் பத்துப் புள்ளி ஒன்பது, ஜெஸ்ஸிக்குப் பத்துப் புள்ளி எட்டு.

"ரத்தம் குடுக்க பன்னெண்டரை வேணும்மா. ரெண்டு பேரும் மொதல்ல ஒங்களுக்குச் சேர்த்துக்கங்க, அப்புறம் ஊருக்குக் குடுக்கலாம்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மருந்துக்கடைக்காரிகளுக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? ஒரே பெட்டியிலிருந்து ஆளுக்கு இரண்டு அட்டை எடுத்துக்கொண்டு, மறுநாளே இருவரும் ஆரம்பித்தார்கள். ஜெஸ்ஸி வாரத்துக்கு இரண்டு நாள் மறந்துவிடுவாள். வினிதா ஒருநாளும் மறக்கவில்லை. முருங்கைக்கீரை தின்றாள், பேரீச்சம்பழம் தின்றாள், பீட்ரூட்டை அரைத்துக் குடித்து உதடு சிவந்து திரிந்தாள். கடையில் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் வரும் டீயைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஜெஸ்ஸியும் குடிக்கவில்லை. ஆனால் அது மாத்திரைக்காக இல்லை.

"தவக்காலம்டி. போன வருசம் சாக்லேட்ட விட்டேன். இந்த வருசம் ஈஸ்டர் வரைக்கும் டீயை விட்டாச்சு" என்றாள்.

ஆறு வாரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தார்கள். ஜெஸ்ஸிக்குப் பன்னிரண்டு புள்ளி நாலு. வினிதாவுக்குப் பதினொன்று புள்ளி ஒன்று.

டாக்டரம்மா கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார். "மாத்திரை ஒழுங்காப் போடுறியா?"

"ஒருநாள் விடலை டாக்டர்."

"டீயோட போடுறியா?"

"ஐயோ, நானே அதை நாலு பேருக்குச் சொல்றவ டாக்டர்!"

அவள் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அப்படித்தான் நம்பினாள். டாக்டரம்மா, இன்னும் ஏறவில்லை என்றால் வேறு பரிசோதனை பார்க்க வேண்டியிருக்கும் என்றார். வெளியே வந்ததும் வினிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரசவத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. நர்கீஸிடம் போனில் சொன்னபோது, "அட லூசு, நீ வந்து பக்கத்துல நின்னாப் போதும்டி" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் வினிதாவுக்குத் தாங்கவில்லை.

இந்த இடத்தில் வினிதாவின் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தண்டாயுதபாணி பூ மார்க்கெட் பக்கம் டீக்கடை வைத்திருந்தார். மூட்டை இறக்குகிறவர்கள், பூக்காரம்மாக்கள், மினி பஸ்காரர்கள் எல்லாருக்கும் பொழுது அவர் கடையில்தான் விடியும். கடை இந்த இடத்துக்கு வந்த புதிதில் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள், அடம்பிடித்து அவரோடு வந்த ஏழு வயது வினிதா, முதல் டீயை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "தொறங்கப்பா!" என்று பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள். அன்றைக்கு மதியத்துக்குள் மூன்று தடவை பால் வாங்கி வர வேண்டியதாயிற்று.

அவ்வளவுதான். பதினைந்து வருடமாக விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் கிளாஸ் மகளுக்கு. அதற்குப் போணி கிளாஸ் என்று பெயர். அவள் குடித்து, "தொறங்கப்பா" என்று சொல்லும்வரை வாசலில் எத்தனை பேர் நின்றாலும் யாவாரம் கிடையாது. பத்தாம் வகுப்பில் அவள் கொடைக்கானல் சுற்றுலா போன அன்று பால் திரிந்துபோனது. அதிலிருந்து அவருடைய நம்பிக்கை காங்கிரீட் போட்டதுபோல் இறுகிவிட்டது. வீட்டில் யாரும் அதை டீ என்று சொல்வதே இல்லை. "போணி குடிச்சிட்டியா?" என்றுதான் அம்மா காளியம்மாளும் கேட்பாள். கோயிலில் கொடுக்கும் தீர்த்தத்தைத் தண்ணீர்க் கணக்கில் யார் சேர்ப்பார்கள்? வினிதாவும் போணியை டீக் கணக்கில் சேர்த்ததே இல்லை.

ஈஸ்டர் அன்று விடியற்காலையில் ஜெஸ்ஸி டீக்கடைக்கு வந்தாள். ராத்திரிப் பூசை முடிந்து, புதுச் சேலையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். நாற்பது நாள் டீ வாசனை பிடிக்காத மூக்கு அவளை நேராக இங்கே இழுத்து வந்துவிட்டது.

"மாமா, மொத கிளாஸ் எனக்கு!"

"மொத கிளாஸ் மட்டும் கேக்காத ஆத்தா. அது போணி. ரெண்டாவது ஒனக்குத்தான்" என்ற தண்டாயுதபாணி, கை உயரத்துக்கு ஆற்றி, நுரை பொங்க மகளிடம் நீட்டினார்.

வினிதா பையிலிருந்து அட்டையை எடுத்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டாள். ஒரு மடக்கு குடித்து விழுங்கினாள். மீதியையும் குடித்து முடித்து, "தொறங்கப்பா" என்றாள்.

ஜெஸ்ஸி வாயைத் திறந்தவள் மூடவில்லை.

"ஏடி, இப்ப என்னடி பண்ணுன?"

"மாத்திரை போட்டேன்."

"அது தெரியுது. கையில என்ன?"

"போணி."

"போணின்னா?"

"போணின்னா போணிடி. தினம் காலையில அப்பா குடுப்பாரு, நான் குடிச்சாத்தான்..." என்று சொல்லிக்கொண்டே வந்த வினிதா, கையிலிருந்த கிளாஸைப் பார்த்தாள். அடியில் டீத்தூள் இரண்டு துணுக்கு ஒட்டியிருந்தது. பாலாடை விளிம்பில் படிந்திருந்தது. பதினைந்து வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாக அவளுக்கு அது டீயாகத் தெரிந்தது.

"ஐயையோ" என்றாள்.

ஜெஸ்ஸி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊருக்கெல்லாம் டீயோட போடாத, டீயோட போடாதன்னு ஓதிட்டு, ஆறு வாரமா டீயிலயே முழுங்கியிருக்கா! அதாண்டி ஒனக்கு ரத்தம் ஏறல. நான் மறந்து மறந்து போட்டும் ஏறிருச்சு!"

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பூக்காரக் கண்ணம்மாளுக்கு இது போதாதா? "ஏ பாணி, ஒன் டீ பெத்த புள்ள ரத்தத்தையே குடிச்சிருச்சேப்பா!" என்று மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

தண்டாயுதபாணிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எவ சொன்னா? இருபது வருசமா இந்தக் கையால அம்புட்டுப் பேருக்கும் ஊத்துறேன். எவன் ரத்தம் கொறஞ்சு கீழ விழுந்தான்?" என்று சத்தம் போட்டார். ஜெஸ்ஸியின் இரண்டாவது கிளாஸில் சர்க்கரை போட மறந்துவிட்டார். நாற்பது நாள் காத்திருந்தவள், பாவம், குறை சொல்லாமல் குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று வினிதா ராத்திரி முழுக்க யோசித்தாள். மருந்துக்கடை டீயை விட்டதுபோல் இதை விட முடியாது. வேண்டாம் என்று அவள் சொன்னால், அவருக்கு அது கடையையே இழுத்து மூடச் சொன்னதுபோல். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே ஐந்து மணிக்கு அவர் கிளாஸை நீட்டினார், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. உள்ளே நுரை இல்லை. லேசான மஞ்சள் நிறத்தில் எலுமிச்சைச் சாறு.

"நேத்து சாயங்காலம் அந்த டாக்டரம்மாவத் தேடிப் போயிட்டு வந்தேன்" என்றார். "டீ மேல தப்பில்லையாம். மாத்திரைக்கும் டீக்கும்தான் ஆகாதாம், ரெண்டு மணி நேரம் தள்ளி நிக்கணுமாம். எலுமிச்சை, நெல்லிக்கா, கொய்யான்னா மாத்திரை நல்லாப் பிடிக்குமாம். குடி."

வினிதா மாத்திரையைப் போட்டுக் குடித்தாள். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. "தொறங்கப்பா" என்றாள்.

அவர் அடுப்பைப் பெரிதாக்கினார். ஐந்தே நிமிடம். அண்டா நிறையப் பால் பொலபொலவென்று திரிந்தது.

தண்டாயுதபாணி அண்டாவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "பாத்தியா?" என்றார் மெல்லிய குரலில். கொடைக்கானல் அவர் கண்ணில் வந்து நின்றது.

வினிதா அண்டாவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த வடிகட்டியை எடுத்து முகர்ந்தாள். "அப்பா, எலுமிச்சங்கொட்டைய எதுல வடிகட்டுனீங்க?"

"இதுலதான்."

"பாலாடைய?"

அவர் வடிகட்டியைப் பார்த்தார்.

"சாறு வடிகட்டுனதப் பாலுக்குள்ள விட்டா திரியாம என்னப்பா செய்யும்? இது ராசி இல்ல, புளிப்பு!"

கண்ணம்மாளுக்குப் பூக்கூடை சரிந்தது, அப்படிச் சிரித்தாள். "பாணி, டீ வேணாம், பன்னீர் கட்டி அரைக் கிலோ போடு!" என்றாள். மினி பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். தண்டாயுதபாணி மட்டும் சிரிக்கவில்லை. புதுப் பால் வாங்கி வந்து யாவாரத்தைப் பார்த்தாலும், அன்று முழுக்க அவர் முகம் அந்தத் திரிந்த பாலாகவே இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் வினிதா கடைக்கு நடந்தாள். இன்றைக்கு நிச்சயம் பழைய போணிதான் வரும், வேண்டாம் என்று சொல்லத் தனக்குத் தைரியம் வருமா என்று நினைத்துக்கொண்டே போனாள். கடையில் ஆணியில் புது வடிகட்டி ஒன்று தொங்கியது. மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க அதன் பிடியில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. அப்பா கிளாஸை நீட்டினார். எலுமிச்சைச் சாறு. நீட்டியவரின் கண் பால் அண்டாவிலேயே இருந்ததை அவள் பார்த்தாள். பால் திரிந்த மறுநாளே, பயத்தையெல்லாம் உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டு, தனக்காக அவர் இதைச் செய்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் கையைப் பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது. அழுதால் அவர் இன்னும் பயந்துவிடுவார் என்று மடமடவெனக் குடித்தாள்.

"தொறங்கப்பா!"

அன்று பால் திரியவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் வடையும் தீர்ந்துபோனது.

அதற்குப் பிறகு நாள் ஓடியது தெரியவில்லை. வினிதா பிரசவம் முடியும்வரை டீயே வேண்டாம் என்று சபதம் எடுத்துவிட்டாள். டீக்கடைக்காரர் மகளுக்கு அது என்ன பாடு என்று சொல்லத் தேவையில்லை. தினமும் காலையில் மற்றவர்கள் உறிஞ்சுகிற சத்தம் காதில் விழாமல் இருக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றாள். அப்பாவுக்கோ உற்சாகம் தலைக்கு ஏறிவிட்டது. ஒருநாள் எலுமிச்சை, ஒருநாள் நெல்லிக்காய், ஒருநாள் இரண்டையும் கலந்து அவள் காது மடல் சிவக்கிற புளிப்பு. அதைப் பார்த்துவிட்டு மார்க்கெட்டுக்கு வரும் பெண்கள், "எங்களுக்கும் அந்த மாத்திரை ஜூஸ் குடுங்கண்ணே" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாத்திரையே போடாத கண்ணம்மாளும் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தாள். மருந்துக்கடையிலோ வினிதாவின் அறிவுரையில் ஒரு வரி கூடியிருந்தது. "காலையில கண்ணு முழிச்சதும் குடிக்கிறதும் டீதாங்க. அதையும் கணக்குல சேர்த்துக்கங்க."

மே மாதம் இருபத்தேழாம் தேதி. அடுப்பைப் பற்ற வைத்து, இறக்கிய முதல் டிக்காஷனில் டீ போட்டு வீட்டுக்கென்று ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தார் தண்டாயுதபாணி. அப்போது ரிஃபாத்தின் போன் வந்தது. "வினிதா, வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். டாக்டர் ஆளுங்களத் தயாரா வைக்கச் சொல்றாரு."

தண்டாயுதபாணி யோசிக்கவே இல்லை. அடுப்பை அணைத்தார். வாசலில் நின்ற பத்துப் பேரிடம், "இன்னைக்குக் கடை லேட்டு" என்றார். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு மகளை வண்டியில் ஏற்றினார். பொங்கலுக்குக்கூட ஐந்து மணிக்குத் திறந்த கடை அது.

ரத்த வங்கியில், வெறும் வயிற்றோடு எடுக்க மாட்டோம் என்றார்கள். அவர் நாலு இட்லியை வாங்கி வந்து, பக்கத்தில் நின்று சாப்பிட வைத்தார். வடமதுரை வாத்தியார் வந்துவிட்டார். ஜெஸ்ஸியும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்டாள். அதே டாக்டரம்மா விரலில் குத்தினார். அந்தச் சின்ன மெஷின் எண்ணைக் காட்டுவதற்குள் வினிதா ஊரிலிருக்கும் எல்லாச் சாமியையும் கும்பிட்டு, ஜெஸ்ஸியின் மாதாவையும் நர்கீஸின் அல்லாவையும் கூப்பிட்டுவிட்டாள்.

"பன்னெண்டு புள்ளி ஆறு" என்றார் டாக்டரம்மா.

ஜெஸ்ஸி போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடி வந்தார். தண்டாயுதபாணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயிலே இன்னும் ஏறவில்லை, வியர்வை என்றார்.

வினிதா கையில் பஞ்சுப் பந்தை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தாள். பை நிறைந்து முடிகிற நேரத்தில் ரிஃபாத் மூச்சு வாங்க ஓடி வந்தான். "பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. ரத்தமே தேவைப்படலையாம்!"

எல்லாரும் கைதட்டினார்கள். வினிதாவும் சிரித்தாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆனாலும் நெஞ்சின் ஓரத்தில் பொட்டு அளவு ஏமாற்றம் இருந்ததை மறைக்க முடியவில்லை. "அப்ப என் ரத்தம்?" என்று கேட்டாள்.

"இதுவா?" என்று நர்ஸ் பையைத் தூக்கிக் காட்டினாள். "ஓ நெகட்டிவ்மா. இது இங்க ரெண்டு நாள் தங்குனாப் பெருசு. ஒனக்குப் பேர் தெரியாத யாரோ ஒருத்தர் இதுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க. மொத தடவையா குடுக்குற?"

"ஆமா."

"போணி" என்றார் தண்டாயுதபாணி, நர்ஸுக்குப் புரியுமா என்ற கவலையே இல்லாமல். "எம் பொண்ணு கைராசியான புள்ளம்மா. இனிமே பாருங்க, ஒங்களுக்கு ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க."

நர்ஸ் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, "ஜூஸ் தரவா, டீ தரவா?" என்றாள். வினிதா அப்பாவைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார்.

"இன்னைக்கு மாத்திரையை மத்தியானத்துக்குத் தள்ளி வச்சுக்க. டாக்டரம்மாட்டக் கேட்டுட்டேன்" என்றார். "கடை இன்னும் தொறக்கல. இதுதான் மொத கிளாஸ்."

ஐம்பத்தொரு நாள் கழித்து அவள் டீயை வாங்கினாள். ஃபிளாஸ்க்கில் கிடந்ததால் நுரை செத்திருந்தது, சூடும் கொஞ்சம் குறைந்திருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மடக்காகக் குடித்தாள். ஜெஸ்ஸியும் ரிஃபாத்தும் வாத்தியாரும் நர்ஸும் அவள் வாயையே பார்த்தபடி நின்றார்கள். அப்பா ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளையிடம் தீர்ப்புக்குக் காத்திருந்த அதே முகத்தோடு நின்றார்.

வினிதா கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"தொறங்கப்பா" என்றாள்.

தண்டாயுதபாணி காகிதக் கப்புகளை வரிசையாக வைத்து, இருந்த டீயை எல்லாருக்கும் ஊற்ற ஆரம்பித்தார். ஜெஸ்ஸி தன் கப்பை எடுப்பதற்கு முன், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டாள்.